ஆறாம் நம்பர் கேமரா

ஹமீர் பாபா தன் வீட்டுக்குள் நுழையும் முன் இரண்டு தடவை இருமுவார். சளி இருமல் அல்ல, மருமகளுக்கான இருமல். முதல் இருமலுக்கு வேஜி முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொள்வாள். இரண்டாவதற்கு அடுப்படிக்குள் போய்விடுவாள். பதினோரு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். மாமனார் மருமகளின் முகத்தைப் பார்த்ததில்லை. மருமகள் மாமனாரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. ரொட்டி தயார் என்றால் தட்டின் விளிம்பில் கரண்டியால் தட்டுவாள். கறியில் உப்புக் குறைந்தால் அவர் முற்றத்து எருமையைப் பார்த்து, "இன்னிக்கு யாரோ உப்பு ஜாடியை மறந்துட்டாங்க போல" என்பார். எருமை பதில் சொல்லாது. உப்பு வந்துவிடும்.

எங்கள் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. எல்லா வீட்டிலும் ஒரு எருமை உண்டு. எருமை இல்லாத இடத்தில் என்னை மாதிரி ஒரு கடைக்காரன் இருப்பான்.

காண்ட்லா கழிமுகத்தை ஒட்டி ரசாயன டாங்கிகள் நிற்கிற வளாகம் ஒன்று உண்டு. அதன் வாசலுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் நர்சி தக்கர் நான்தான். மெத்தனால், பென்சீன், பெயர் வாயில் நுழையாத இன்னும் ஏழெட்டுச் சரக்குகள் கப்பலில் வந்து டாங்கியில் தங்கி, லாரியில் ஏறிப் பஞ்சாப் வரை போகும். ஒரு பொறி போதும், எங்களைத் தேட வேண்டியிருக்காது. அந்த லாரிக்காரர்களுக்குப் பீடியும் சோப்பும் கடலைமாவும் விற்றுத்தான் என் பிழைப்பு. காற்று கிழக்கே இருந்து வந்தால் உப்பு வாடை, மேற்கே இருந்து வந்தால் நகப்பூச்சு வாடை. இரண்டுமே இல்லாத நாளில் எனக்குத் தலை வலிக்கும்.

வளாகத்தின் வடக்கு வேலிக்கு அப்பால் சீமைக்கருவேலம் அடர்ந்த ஒரு பட்டை நிலம். அதற்கும் அப்பால் எங்கள் குடியிருப்பு, முப்பது வீடு. வளாகம் எழும்பியது ஹமீர் பாபா மாதிரி ஆட்களின் நிலத்தில். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று கம்பெனி சொன்னபோது அவருக்காகப் பேரம் பேசியவன் நான்.

"வாசல்ல கம்பு பிடிச்சு நிக்கிற வேலையெல்லாம் வேண்டாம் சாப். இவரோட கண்ணுக்கு ஒரு மரியாதை வேணும். ஏசி ரூம் குடுங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அவர் கால்தடம் பார்க்கிற குடும்பம். மாடு தொலைந்தாலும் நகை போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மணலைப் பார்த்து, "இவனுக்கு இடது முழங்கால் வலி. தோள்ல சுமை. இந்த இடத்துல பயந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கான்" என்பார். ஒருநாள் கடைவாசலில் என் தடத்தைக் காட்டி, "இது கல்லாவை விட்டு மனசில்லாம எழுந்து வந்தவன்" என்றார். லாரிக்காரர்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்படித்தான் ஐம்பத்தாறு வயதில் அவர் கேமரா அறைக்குப் போனார். வேலி நெடுகப் பன்னிரண்டு கம்பம், பன்னிரண்டு கேமரா. உடம்புச் சூட்டை வைத்துப் படம் காட்டுகிற வகை, இருட்டிலும் தெரியும். மேஜைமேல் ஒரு சின்னக் குச்சி. அதை அசைத்தால் கேமரா திரும்பும். நன்னடத்தைப் படிவத்தில் அவருக்காகக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

முதல் மாதம் பகல் வேலை. வேலை முடிந்து கடைக்கு வந்து சாஸரில் டீயை ஊற்றிக்கொண்டு கதை சொல்வார்.

"நர்சி, அந்தப் பெட்டிக்குள்ள மனுசன் வெள்ளையாத் தெரியறான்டா. மூக்கு முழி ஒண்ணும் கிடையாது. மெழுகுவத்தி எழுந்து நடந்து போற மாதிரி இருக்கு."

"நான் போனாலும் வெள்ளைதானா பாபா?"

"நீயும் வெள்ளைதான்."

"எங்கம்மா கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பா. சரி, மூஞ்சி தெரியலன்னா திருடனை எப்படிப் பிடிப்பீங்க?"

"மூஞ்சியை வச்சு எவன்டா பிடிச்சான்? நடை இருக்குல்ல."

இரண்டாவது மாதம் அவருக்கு ராத்திரி முறை வந்தது. ஒரே வாரத்தில் ஆள் மாறிப்போனார். காலையில் வேலை முடிந்து வரும்போது குனிந்த தலை நிமிராது. டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஆறவிடுவார். அதன் பிறகு, இனி ராத்திரி முறையே நிரந்தரமாக வேண்டும் என்று அவராகவே எழுதிக் கொடுத்தார். ராத்திரிப்படிக்கு ஆசை என்று மற்ற காவலர்கள் கேலி செய்தார்கள். நானும்தான் செய்தேன்.

ஒருநாள் காலையில், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார்.

"நர்சி, அந்தப் பெட்டியெல்லாம் வேற எங்கயாச்சும் வச்சுக்க முடியாதா?"

எந்தப் பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தது. சிமெண்டுச் சுவர், தகரக் கதவு, தாழ்ப்பாள், வெளியே எண். தண்ணீர் மட்டும் கொடுக்கவில்லை. அப்படியே பூட்டிக் கிடந்தவற்றில் ஒன்பதை நான் கிடங்காக எடுத்துக்கொண்டேன். சோப்புத்தூள், பிஸ்கட், ஊதுபத்தி. எலி நுழையாது, மழை ஒழுகாது. வாடகை மாதம் இரண்டு கிலோ சர்க்கரை. காந்திதாமில் என் மாமன் மகன்களிடம் இதைச் சொல்லி மார்தட்டியிருக்கிறேன். போன வருஷம் குழாய்த் தண்ணீர் வந்தது. பெட்டியை எடு என்று யாரும் சொல்லவில்லை. சர்க்கரை வாங்கிக்கொண்டவர்கள் ஆண்கள். பெண்களை யார் கேட்டது?

"ஏன் பாபா, கரையான் வந்துருச்சா?"

"இல்ல."

"உங்க பையன் வஸ்தா ஏதாச்சும் சொன்னானா?"

"அவன் லாரியோட லூதியானாவுல கிடக்கான். அவன் என்னத்தச் சொல்லப் போறான்."

"அப்போ புரிஞ்சுது. ரெண்டரை கிலோ."

அவர் என்னைப் பார்த்தார்.

"சரி, மூணு. மூணுக்கு மேல போனா எனக்குக் கட்டுப்படியாகாது, நான் காந்திதாம்லயே குடோன் பார்த்துக்குவேன்."

"சர்க்கரை வேண்டாம்டா" என்றார்.

அதையும் நான் பேரம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் 'வேண்டாம்' என்பது விலையின் முதல் படி. மறுநாள் மூன்று கிலோவாகவே கட்டி அவர் வீட்டுக்கு அனுப்பினேன். அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்து மேற்கே மேகம் கட்டத் தொடங்கிய ஒரு காலையில் வளாகத்தின் வாசல் திறக்கவில்லை. நாற்பது லாரி சாலையில் வரிசை கட்டி நின்றது. பதினோராம் டாங்கியின் செம்புப் பட்டையை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டாங்கியிலிருந்து மண்ணுக்குள் இறங்குகிற பட்டை அது. மின்னல் இறங்கிப் போகவும், சரக்கு ஊற்றும்போது பிறக்கிற பொறி சாகவும் அதுதான் வழி. வானத்தில் மேகம், கீழே பட்டை இல்லாத மெத்தனால் டாங்கி. லாரிக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டு வாங்கின டீயைக் குடிக்காமல் நின்றார்கள்.

பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். காவல் தலைவர் தில்பாக் சிங் ஹரியானாக்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மேஜைமேல் நான் கையெழுத்துப் போட்ட படிவம் கிடந்தது. மூலையில் ஹமீர் பாபா நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

"சேட், இது உங்க கையெழுத்தா?"

"என்னுதுதான் சாப்."

"அப்போ இதையும் பாருங்க."

ஆறாம் நம்பர் கேமராவின் பதிவைத் திரையில் ஓடவிட்டார். வடக்கு வேலி, கருவேலங்காடு. விடிகாலை நாலு ஐம்பத்தைந்துக்குக் காட்சி மெல்ல நகர்ந்தது. வேலி போயிற்று, காடு போயிற்று. கடைசியில் வெறும் கழிமுகச் சேற்றில் வந்து நின்றது. ஐந்து நாற்பதுக்கு அதே மாதிரி மெல்லத் திரும்பி வந்தது.

"இது நேத்து. இது முந்தாநேத்து. இது போன மாசம்" என்று தட்டிக்கொண்டே போனார். "இவர் வேலைக்கு வந்த ராத்திரி அம்பத்து மூணு. அம்பத்து மூணு நாளும் கடிகாரம் மாதிரி. இன்னிக்கு அந்த முக்கால் மணி நேரத்துலதான் அந்த வேலியை வெட்டியிருக்கான். சேத்துல என்ன சேட் இருக்கு, நண்டு எண்ணிக்கிட்டு இருந்தாரா?"

நான் மூலைப் பக்கம் திரும்பினேன். "பாபா, சொல்லுங்களேன். தூங்கிட்டீங்களா? கை தவறிப் பட்டுச்சா?"

"தூங்கல. கை தவறல" என்றார்.

"எவ்வளவு குடுத்தாங்க?" என்றார் தில்பாக்.

"தப்பு என்னுது. எழுதிக்கங்க சாப்."

"காரணம்?"

"காரணம் எழுத வேண்டாம்."

தில்பாக் பேனாவை மூடினார். கெட்ட மனிதர் இல்லை. அவர் குரலிலும் ஒரு சங்கடம் இருந்தது. "நாலு மணிக்குப் போலீஸ் வரும். இது தலைமைக் கான்ஸ்டபிள் எழுதி முடிக்கிற திருட்டு இல்ல சேட். டாங்கி வளாகம். உள்ள போனா வருசக்கணக்குல வெளிய வர முடியாது. உங்க ஆளு, பேசிப் பாருங்க."

தாழ்வாரத்தில் அவரைத் தனியே நிறுத்திக் கேட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். வியாபாரியின் வாய்க்குத் தெரிந்த எல்லா வழியிலும் போய்ப் பார்த்தேன். "அந்த நேரத்துல அதுல பார்க்க ஒண்ணும் இல்லடா" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. கடைசியில், "வீட்டுக்குப் போய்ச் சொல்லிடு. ராத்திரி ரொட்டி வேண்டாம்னு" என்றார்.

மத்தியான வெயிலில் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் எருமை, அதன் பக்கத்தில் கக்கூஸ், அதில் என் பூட்டு. வேஜி கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தால் பாதி முக்காடுதான் போடுவாள். நாக்குக்கு அந்தப் பாதியும் கிடையாது.

"வாங்க சேட். உங்க பிஸ்கட்டைப் பார்க்க வந்தீங்களா? சௌக்கியமா இருக்கு. எங்களைவிடச் சௌக்கியமா இருக்கு."

"வேஜிபென், விளையாட்டு இல்லம்மா" என்று சொன்னேன். பட்டை போனது, கேமரா திரும்பியது, நாலு மணிக்குப் போலீஸ் வருவது, எல்லாம் சொன்னேன். அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எத்தனை மணிக்குத் திருப்பினாராம்?"

"அஞ்சுக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்போ. அஞ்சு நாப்பதுக்குத் திரும்ப வச்சிருக்கார்."

"எந்தப் பக்கம் பார்க்கற கேமரா அது?"

"வடக்கு வேலி. நம்ம கருவேலங்காட்டுப் பக்கம்."

மாமனார் அங்கே இல்லாதபோதும், அவள் முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்து இடுப்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, உரலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் அந்தக் காட்டுக்குள் யார் போவார்கள் என்பது எங்கள் குடியிருப்பில் எல்லா ஆணுக்கும் தெரியும். சூரியன் வரும்வரை நாங்கள் அந்தப் பக்கம் முகம் திருப்புவதில்லை. அது எங்கள் மரியாதை. அந்த மரியாதையில் எனக்கும் பங்கு உண்டு என்று நான் நினைத்திருந்தேன்.

முக்காட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "அவருக்கு ராத்திரி வேலை எத்தனை நாள்னு சொன்னீங்க?"

"அம்பத்து மூணும்மா. மொத ராத்திரியில இருந்தே திருப்பியிருக்கார்."

"அங்க யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தானே சேட் திருப்புவாரு? தெரியறதுக்கு மொதல்ல பார்க்கணும்ல?"

"ஒரு நாள்... ஒரு நிமிசம் பார்த்திருப்பாரு. அதுவும் வெறும் வெள்ளைப் புள்ளிதான், மூஞ்சி தெரியாது."

"அவருக்கு மூஞ்சி எதுக்கு?" என்றாள்.

எருமை வாலை வீசி ஈ ஓட்டியது. அவள் எழுந்தாள்.

"கிளம்புங்க. அவர் வாய் திறக்க மாட்டாரு. அவர் முன்னாடி நான் பேச முடியாது. நீங்க இருக்கீங்கல்ல? நான் சொல்றதை நீங்க சொல்லுங்க."

"நான் எப்படிம்மா அதைப் போய்..."

"சர்க்கரைக்குப் பேசுன வாய்தானே சேட்?"

தில்பாக்கின் அறை வாசலில், கதவுக்கு வெளியே, உள்ளே இருக்கிற மாமனாருக்கு முதுகு காட்டி நின்றாள். நான் நடுவில், நிலைப்படியில். ஹமீர் பாபா அவள் கொலுசுச் சத்தம் கேட்டதுமே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அறையில் முகம் தெரிய நின்றது நானும் தில்பாக்கும் மட்டும்.

"சேட், அந்தச் சாப்கிட்ட சொல்லுங்க. அந்த நேரத்துல அந்த முள்ளுக்காட்டுல நாங்க எட்டுப் பொம்பளைங்க உக்காந்திருப்போம்."

தில்பாக்குக்கு அவள் பேச்சு நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவள் என்னிடம் சொன்னால் நான் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

"சொல்லுங்க. இன்னிக்கு வாய்க்கால் பக்கம் ஒரு சகடா வந்து நின்னுச்சு. மூணு சக்கரம், சைலன்சர் ஓட்டை. இரும்பு வெட்டற சத்தம் கேட்டுச்சு. நாங்க எழுந்து ஓடி வந்துட்டோம். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா, நீ அங்க என்ன பண்ணிட்டு இருந்தேன்னு கேப்பாங்கல்ல?"

அதையும் சொன்னேன். தில்பாக் உடனே போனை எடுத்து, ஓட்டைச் சைலன்சர் சகடா யாரிடம் இருக்கிறது என்று வாசலில் விசாரிக்கச் சொன்னார். பழைய இரும்பு வாங்குகிற ஒருவன் பெயர் அங்கேயே வந்தது. சாயங்காலத்துக்குள் பட்டையோடு அவனைப் பிடித்தார்கள். அது பிறகு.

அப்போது தில்பாக் சுவரைப் பார்த்து நிற்கிறவரிடம் கேட்டார். "பெரியவரே, இதைச் சொல்றதுக்கென்ன? நாங்களும் வீடு வாசல் உள்ளவங்கதான். அதுவும் அந்தக் கேமராவுல எல்லாம் வெள்ளைப் புள்ளி. யாருன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் சாப்."

திரும்பாமல் சுவரிடமே பேசினார். "மொத நாள் வரிசையா வந்தாங்க. ஒவ்வொருத்தரும் எந்த வீடுன்னு நடையிலயே தெரிஞ்சுபோச்சு. தெரியக்கூடாதுன்னு நினைச்சாலும் தெரியுது. என் கண்ணை அப்படிப் பழக்கி வச்சிருக்கேன். கடைசியா வந்தது..." நிறுத்தினார். "வீடுன்னா வாசல்ல இருமிட்டுப் போவேன் சாப். அந்த மேஜையில இருமறதுக்குப் பொத்தான் இல்ல. குச்சிதான் இருந்துச்சு."

கதவுக்கு வெளியே கொலுசு அசையவே இல்லை.

தில்பாக் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதற்காகச் சொன்னாரோ என்னவோ, "ஆனா வீட்டுக்கு வீடு கக்கூஸ் இருக்கே? வெள்ளையடிச்சு, நம்பர் போட்டு நானே பார்த்தேனே" என்றார்.

நான் வாசலைப் பார்த்தேன்.

"இதுக்கு நான் சொல்லித்தர மாட்டேன் சேட்" என்றாள் வேஜி. "உள்ள என்ன இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க."

"சோப்பு" என்றேன்.

"என்ன?"

"சோப்புத்தூள் சாப். பிஸ்கட், ஊதுபத்தி. என்னுது."

"சோப்பா" என்றார் தில்பாக்.

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ இக்கட்டிலிருந்து ஒரு சிரிப்பின் வழியாக வெளியே வந்திருக்கிறேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. தில்பாக் என் கையெழுத்துள்ள படிவத்தை மடித்து, திட்டாமல், என்னிடமே திருப்பிக் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

போலீசில் ஹமீர் பாபாவின் பெயர் எழுதப்படவில்லை. கேமரா முன்னால் இனி அவரை உட்காரவைக்க முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. கழுத்து அட்டையைக் கழற்றி அவரே மேஜைமேல் வைத்தார்.

சாயங்காலம் அவர் பின்னாலேயே நடந்தேன். வீட்டு வாசல் வரை போனார். உள்ளே ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றார். தொண்டை அசைந்தது. ஆனால் இருமவில்லை. அப்படியே திரும்பி, லாரிக்காரர்கள் படுக்கிற கொட்டகைக்குப் போய்விட்டார்.

மறுநாளும் வரவில்லை. வேஜி கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தாள். "சொல்லுங்க சேட். ரெண்டு வேளையா இருமல் சத்தம் கேக்காம எருமை பால் சரியாக் குடுக்க மாட்டேங்குதாம்."

கொட்டகையில் அதை அப்படியே சொன்னேன். அவர் துணி முடிச்சை அவிழ்த்தார், ரொட்டியைப் பார்த்தார், மறுபடி முடிந்தார்.

"எருமைகிட்ட சொல்லு நர்சி. எந்த முகத்தோட இருமறதுன்னு தெரியலன்னு."

இதை நான் வேஜியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. நான் விழுங்கிக்கொண்ட சரக்கு இது ஒன்றுதான்.

அன்று மத்தியானம் ஒன்பது பூட்டையும் திறந்தேன். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. வைத்திருந்தால் அதுவும் ஒரு பேரமாகியிருக்கும். தலையில் ஒரு பெட்டி, இடுப்பில் ஒரு பெட்டி. வடக்கு வேலி ஓரமாகக் கடைக்கு நடந்தேன். உச்சி வெயில், சோப்புத்தூள் கழுத்தில் உதிர்ந்து வியர்வையில் நுரைத்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் முக்காட்டோடு நின்று பார்த்தார்கள். நாலாவது நடையின்போது மேலே சன்னமாக ஒரு விசைச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். கம்பத்தின் உச்சியில் ஆறாம் நம்பர் கேமரா என் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. புதிதாக உட்கார்ந்தவன் யாரோ, சுறுசுறுப்பானவன். நான் நடந்தால் அது நகர்ந்தது, நான் நின்றால் அதுவும் நின்றது. இரண்டு கையும் பெட்டிகளைப் பிடித்திருந்தன. முகத்தை மூட எனக்குக் கை இல்லை, முக்காடும் இல்லை.

ஹமீர் பாபா அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதைச் சேற்றுப் பக்கம் திருப்பியிருப்பார்.